இயற்கையின் மடியாம்!

அவுஸ்திரேலியாவுக்குப் போன கூட்டாளிமார் அனுப்புகிற படங்களில் ஜிண்டபைன் அடிக்கடி வரும். நியூ சவுத் வேல்ஸ் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் திரெட்போவிலும் பெரிஷரிலும் பனிச்சறுக்கப் போகிற சனம் தங்குகிற இடம். கோடையில் கயாக், மலைச் சைக்கிள், தூண்டில். படத்துக்குக் கீழே அநேகமாக ஒரே வசனம்தான்: 'இயற்கையின் மடியில்'. அந்த வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

கயாக் விடுகிற அந்த ஏரி, ஸ்னோவி ஆற்றை மறித்துக் கட்டின அணையின் நீர்த்தேக்கம். ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜிண்டபைன் 1967இல் அதற்குள்ளே போனது. இப்ப படத்தில் தெரிவது மேட்டில் புதிதாகக் கட்டின ஊர். தண்ணீர் நன்றாக வற்றினால் பழைய அத்திவாரங்கள் வெளியே வரும். தூண்டிலில் மாட்டுகிற ட்ரௌட் மீன்கூட அந்த மண்ணுக்குரியது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம், இன்றைக்கும் குஞ்சு பொரிக்க வைத்துத்தான் விடுகிறார்கள். இதில் எது இயற்கை?

அணைக்குக் கீழே போய்ப் பாருங்கள் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. முன்பு ஓடின தண்ணீரில் ஏறக்குறைய 1 வீதம்தான் அங்கே ஸ்னோவிக்கு மிஞ்சியது. மிச்சம் மலையைக் குடைந்த சுரங்கங்களால் மேற்கே போனது, மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும். அதே ஆற்றங்கரை டல்கெட்டியைத்தான் 1904இல் நாட்டின் தலைநகருக்கு இடமாகத் தெரிவு செய்தார்கள் (பிறகு மனம் மாறி கன்பரா பக்கம் போனது வேறு கதை). அந்த ஊருக்கு ஓடை மாதிரி ஒன்றுதான் கடைசியில் மிஞ்சியது.

'அப்ப கரண்ட் வேண்டாமா?' எண்டு கேட்பீர்கள். வேண்டும். 1949இலிருந்து 1974 வரை 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதில் போரால் நாடிழந்து வந்த ஐரோப்பியர் ஏராளம், உழைத்த வேலை அது. 121 தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நாங்கள் சின்னதாக்கவில்லை. நாரிகோ மக்களின் நிலத்தில், ஒரு ஊரையும் ஒரு ஆற்றையும் விலையாகக் கொடுத்து வந்த கரண்ட் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

ஆற்றுக்குத் தண்ணீர் திரும்பினதும் சும்மா இல்லை. 1999 விக்டோரியா மாநிலத் தேர்தலில், ஆற்றின் கீழ்ப்பக்கத்து கிழக்கு கிப்ஸ்லாந்து சனம், ஸ்னோவிக்குத் தண்ணீர் கேட்டு நின்ற கிரெய்க் இங்ரம் என்ற சுயேச்சையை வெல்ல வைத்தார்கள். அரசு அமைக்க அவருடைய ஆதரவும் தேவைப்பட்டது. 2002இல் தண்ணீர் திறக்கத் தொடங்கினார்கள். இலக்கு பழைய ஓட்டத்தில் 28 வீதம். முழுசாக இல்லை, அதைக் கவனியுங்கள்.

போங்கள், சறுக்குங்கள், கயாக் ஓட்டுங்கள். படம் போடும்போது மட்டும் கீழே 'ஜிண்டபைன் அணை, 1967' எண்டாவது எழுதுங்கோ.