வெயிலை நிறத்தால் அளக்காதீர்

"நம்ம கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும்?" சுங்கை சிப்புட் தோட்டங்களில் பிறந்து, இன்று ஈப்போவில் சாலை போட்டும் புல் வெட்டியும் பிழைப்பவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பது இது. இதில் பாதி உண்மை. அந்தப் பாதி குத்தகையாளர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவில் அடுத்தடுத்த கண்ணிகளைத் தப்பாக ஒட்டவைக்கிறது. உடல் அந்தத் துண்டை வெட்டி எறிந்து பழுது பார்க்கிறது. வெட்டிய துண்டு சிறுநீரில் வெளியேறுவதால் சேதத்தை அளக்கலாம், சுவீடனில் அளந்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் 2018 ஆய்வில், கறுத்த தோலில் புற்று பிறக்கும் அடியடுக்கு பெரிதும் தப்பியது. மேலடுக்கில் சேதம் இருந்தது. ஆக, நமக்குப் புற்று அபாயம் குறைவு, பூஜ்யம் அல்ல. கண்ணுக்கோ நிறம் காவல் நிற்பதில்லை. கண்ணில் சதை வளர்வதிலும் புரையிலும் வெயிலுக்குப் பங்குண்டு. (உள்ளங்காலிலோ நகத்தடியிலோ பரவும் கறுப்புப் புள்ளி புற்றாக இருக்கலாம், அது வேறு சங்கதி. அதற்கு வெயில் காரணமல்ல என்றாலும், முள் குத்தியதென்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.)

பால்மரம் வெட்டிய நம் பாட்டிகள் இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றார்கள். முக்காடு போட்டு மரநிழலில் வெட்டினார்கள். தோட்ட நிர்வாகத்தின் கருணை அல்ல அது, குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். பேரப்பிள்ளைகளுக்கு அந்த நிழலும் இல்லை. ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்குப் பிறகு. பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுக்கு விட்டு, சரியாக ஒரு மணிக்குத் திரும்ப இறக்கிவிடும் ஏற்பாட்டை என்னவென்பது?

வேலையிட வெப்பத்துக்கு 2016இலேயே மலேசிய அரசின் வழிகாட்டி வந்துவிட்டது. ஆனால் புற ஊதாக் கதிர் சுடாது. மேகம் மூடிய நாளிலும் இறங்கும். மெலனோமா அல்லாத தோல் புற்று மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு வெயில் வேலையே காரணம் என 2023இல் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் அறிவித்தன.

பேராக் அரசு தன் குத்தகை வேலைகளிலிருந்தே தொடங்கட்டும். பதினொன்று முதல் மூன்று வரை திறந்தவெளிக் கடும்வேலை கூடாது. நிழல்பந்தல், முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கதிர் தடுக்கும் கண்ணாடி ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். விருப்பமுள்ள தொழிலாளர்களிடம் டிஎன்ஏ சேதத்தை அளந்து முடிவை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். இதில் ஒரு காசும் கூலியில் பிடிக்கக் கூடாது.