பிறந்த சிசுவுக்கும் கொலஸ்டிராலா?

ஒரகடத்திலிருந்து ஒரு மாமியார் எழுதுகிறார்: “என் மருமகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இப்போது ஏழு மாதம் முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்டிரால் 250 என்று வந்திருக்கிறது. பயந்துபோய்ப் பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். குழந்தைக்கும் வந்துவிடுமோ?”

அம்மா, முதல் காரியமாகப் பாலையும் முட்டையையும் மருமகளுக்குத் திரும்பக் கொடுங்கள். பயத்தைப் பிறகு கவனிக்கலாம்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கொலஸ்டிரால் ஏறுவது இயற்கை. சிலருக்கு வழக்கத்தைவிடப் பாதியளவுகூட ஜாஸ்தியாகும். கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன்கள் உண்டாவதற்கு அது வேண்டும். பிரசவமான பின் மெல்ல இறங்கிவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பாருங்கள். குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் மட்டும் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, குழந்தைக்கு? தொப்புள்கொடி ரத்தத்தில் கொலஸ்டிரால் சாதாரணமாக 60, 70தான் இருக்கும். பெரியவர்களுக்கு 200-க்குள் இருக்க வேண்டும் என்கிறோமே, அதில் மூன்றில் ஒரு பங்கு! சிசு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக் கொள்கிறது. பிறந்தபின் தாய்ப்பால் குடிக்கக் குடிக்க அளவு ஏறும். மூளையும் நரம்பும் வளர அது அவசியம்.

கவலைப்பட வேண்டியது குழந்தையின் எடையைப் பற்றித்தான். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த குழந்தை. அப்படிப்பட்ட சிசுக்களின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற வேறொரு கொழுப்பு கூடுதலாக இருப்பதைப் பல ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். அதன் பலன் பின்னால் தெரியலாம். மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அவர்களில் பலரை நடுவயதுக்கு மேல் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். 2.5 கிலோவுக்குள் பிறந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இருதய நோய், 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 பேருக்குத்தான். இது தலையெழுத்து அல்ல, எச்சரிக்கை.

எடை மிதமிஞ்சிப் போவதும் நல்லதல்ல. தாய்க்குச் சர்க்கரை ஏறினால் குழந்தை கொழுத்துப் பிறக்கும். சென்னை டாக்டர் வி. சேஷையா இதற்கு எளிய சோதனையைப் பரப்பினார். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போது ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. மருமகளுக்கு இது செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் காபியோடு ஓடும் பெண்கள் எத்தனை பேர்! அவள் கையில் நாலு இட்லியும் ஒரு வேகவைத்த முட்டையும் கொடுத்தனுப்புங்கள். இடைவேளைக்குச் சுண்டலோ கடலை உருண்டையோ இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்க வேண்டாம். காபி அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது.

இன்னொன்று. பிரசவத்துக்கு முந்திய ஆறு வாரத்துக்கும் முன்னே வரும் ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், கடின வேலையோ வெகுநேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது என்பது சட்டம். உங்கள் மருமகளுக்கு அந்த மாதம் இதுதான். சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுமுறையும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. முந்திய ஒரு வருஷத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.

கேட்பதற்குக் கூச்சப்படுகிறாளா? நீங்கள் தைரியம் சொல்லி அனுப்புங்கள். பேரக் குழந்தைக்கு நீங்கள் செய்யும் முதல் சீர் அதுவாகவே இருக்கட்டும்!