பார் ஏலமும் ஊரின் சம்மதமும்

டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்களைத் தனியாருக்கு டெண்டர் விடும்போது உள்ளூரின் சம்மதமே முதல் நிபந்தனையாக வேண்டும். மதுக்கடைகளின் சில்லறை விற்பனை 2003 நவம்பரில் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. பார் மட்டும் கூடுதல் தொகை கேட்பவருக்குப் போகிறது. கட்டிய தொகையைத் தண்ணீர் பாட்டிலிலும் தின்பண்டத்திலும் மீட்க வேண்டிய நெருக்கடி குத்தகைதாரருக்கு; பகல் 12 முதல் இரவு 10 வரை என்ற விற்பனை நேரத்தை மீறும் தூண்டுதலும் அதில்தான் பிறக்கிறது. சீசனில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, குடும்பம் குடும்பமாக அருவிக் குளியலுக்கு வருவோரை வரவேற்கும் குற்றாலத்துக்கும், அதன் வாசலில் குமாரர் கோயிலும் வயல்களுமாக இருக்கும் இலஞ்சிக்கும் இந்த நேர மீறல் தாங்கக்கூடிய சுமையல்ல. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய அரசுக்கு இந்த டெண்டர் முறையைத் திருத்துவது இயலாத காரியமல்ல. பேரூராட்சி மன்றத்தின் தீர்மானம் இல்லாத இடத்தில் பார் டெண்டர் விடக் கூடாது.