சான்றிதழுக்கு மறுநாள்

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பள்ளிக் குழந்தைகள் தீக்கு இரையானார்கள். அதைப் பேசும்போதெல்லாம் நாம் கீற்றுக் கூரையைத்தான் குற்றம் சொல்கிறோம். சமையல் கொட்டகையில் பிடித்த தீ, கீற்று வேய்ந்த வகுப்பறைக்குத் தாவியது உண்மைதான். ஆனால் பிள்ளைகளால் ஏன் தப்பி வர முடியவில்லை? ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன. மாடியிலிருந்து இறங்கும் வழியோ குறுகல். கூரையைக் கான்கிரீட்டாக்கிவிட்டால் மட்டும் வழி அகலமாகிவிடாது.

தனியார் பள்ளிகள் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தீயணைப்புத் துறையின் சான்றும் வாங்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்த அன்று எல்லாம் சரியாக இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. மறுநாளே மாடிப்படிக்கு அடியில் உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாள் கட்டுகளும் வந்து குவியலாம். திருட்டுக்குப் பயந்து பின்பக்க கேட்டைப் பூட்டலாம். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் டீக்கடையில் இருப்பார்.

சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பவுடர் வகையில் சின்னதாக ஒரு மீட்டர் இருக்கும். முள் பச்சைக்குள் நிற்க வேண்டும். சிவப்புக்கு இறங்கியிருந்தால் அவசரத்துக்கு உதவாது. பின்னும் சீலும் இருக்கின்றனவா, குழாய் வெடித்திருக்கிறதா, அடுத்த சர்வீஸ் தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. வகுப்பறைகளில் மாட்டும் சிலிண்டரை அழுத்தினால் அரை நிமிடம்கூடத் தாங்காது. ஆரம்பத் தீக்குத்தான் அது. அதற்கு மேல் போனால் பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு 101-ஐ அழைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்றைய பள்ளிகளில் கீற்றைவிட மின்சாரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நாலு டியூப் லைட்டுக்கும் நாலு ஃபேனுக்கும் போட்ட பழைய ஒயரிங்கில் இப்போது கம்ப்யூட்டர்களும் ஸ்மார்ட் கிளாஸும் ஓடுகின்றன. லோடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று புகார் வந்தால், சிலர் அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதன்பின் எம்.சி.பி. விழாது, ஒயர்தான் சுவருக்குள் சூடேறிக்கொண்டிருக்கும். விழுவது தொந்தரவல்ல, எச்சரிக்கை. லோடைக் குறைக்க வேண்டும், இல்லை ஒயரை மாற்ற வேண்டும்.

கும்பகோணத்துக்குப் பின் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவி வைத்தால் போதாது, அதை இயக்க ஊழியர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும் என்றது. கருவிக்கு பில் இருக்கும். பயிற்சி நடந்ததா என்பதை ஆசிரியர்களைக் கேட்டால்தான் தெரியும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் அதைக் கேட்கலாம். தீ விபத்து ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது? ஒரு மாடிப்படியை வேண்டுமென்றே அடைத்துவைத்து நடத்திப் பார்த்தார்களா? நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கி வர யாருக்குப் பொறுப்பு? மைதானத்தில் தலையை எண்ண வருகைப் பதிவேட்டை எடுத்து வருவது யார்? இத்தனைக்கும் தலைமையாசிரியர் பெயர் சொல்லிப் பதில் தர முடிந்தால், அதன்பின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.