ஆசிரியர்களும் வேலைநிறுத்த உரிமையும்

2003-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழக அரசாங்கம் பணிநீக்கம் செய்ததும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, தார்மிகமாகவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே தீர்ப்புரைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். சட்டத்தைப் பற்றிய பகுதிக்குக் கட்டுப்படுகிறேன். தர்மத்தைப் பற்றிய பகுதியை என் மனம் ஏற்க மறுக்கிறது.

அவ்வருஷம் ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் பணியேற்ற ஆசிரியர், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்திற்கெனச் சம்பளத்தில் பத்து சதவீதத்தை மாதந்தோறும் செலுத்தியும், முதுமையில் நிச்சயமான ஓய்வூதியம் கிடைக்குமென்ற நம்பிக்கையின்றி, 2019 ஜனவரி வேலைநிறுத்தத்தில் வகுப்பறையை விட்டு வீதிக்கு வந்தாரெனில், அதனைச் சுயநலம் என்று இகழ்வது அநியாயம்.

ஆயினும் பொதுத்தேர்வு நெருங்கிய அந்நாட்களில் பாடம் நின்றதன் நஷ்டம், தனிப்பயிற்சிக்கு வழியற்ற ஏழை மாணவர் தலையிலேயே விழுந்தது. என்னை வருத்துவது இதுவே. ஆகவே, கடைசி ஆயுதமாக வேலைநிறுத்தம் ஆசிரியரிடம் இருக்கட்டும். தேர்வுக்கு முந்திய மாதங்களில் மட்டும் அதனை எடுக்காதிருக்கட்டும். அவ்விரதத்திற்கு ஈடாக, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் மன்றம் ஒன்றை, தீர்ப்பளிக்க வேண்டிய கால எல்லையையும் விதித்து, அரசாங்கம் தாமதமின்றி அமைக்க வேண்டும்.