பொம்மைக்கு உயிர் இருந்தது, பூட்டும் இருந்தது

போன மாசம் எங்கள் வீட்டில் அலமாரி ஒழிக்கும் படலம். ஜூனியர் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "அவன் சாமான் பாதியைத் தூக்கிப் போட்டாலே இன்னொரு அறை கிடைக்கும்" என்பது தங்கமணியின் நெடுநாள் வாதம். மட்டாஞ்சேரி வாடகை வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும். காயல் காற்றில் ஒரு மழைக்காலம் மூடி வைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே பாதி பூஞ்சை, பாதி நினைவு.

அப்படித் திறந்த ஒரு பெட்டியில் இருந்து வந்தன இருபத்தி மூன்று பொம்மைகள், ஒரு வட்டமான பிளாஸ்டிக் மேடை, அதிலிருந்து தொங்கும் ஒரு யு.எஸ்.பி. வயர்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக் கொள்கிறேன்.

2011 அக்டோபரில் 'ஸ்கைலாண்டர்ஸ்' என்று ஒரு வீடியோ கேம் வந்தது. கலிபோர்னியாவின் டாய்ஸ் ஃபார் பாப் செய்தது, ஆக்டிவிஷன் விற்றது. பொம்மையின் அடிப்பாகத்தில் ஒரு சின்ன சிப். பொம்மையை மேடை மேல் வைத்தால் மேடை சிப்பைப் படிக்கும்; அந்தப் பொம்மை டி.வி. திரைக்குள் குதித்து ஓட ஆரம்பிக்கும். விளையாட விளையாட அது சேர்த்த காசும் பலமும் அதே சிப்பில் பதிவாகும். நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போய் அவன் மேடையில் வைத்தால், நம் வீட்டில் விட்ட இடத்து பலத்தோடு அங்கேயும் ஓடும். சத்தியமாக அருமையான யோசனை. குழந்தைக்குக் கையில் பொம்மை, திரையில் உயிர்.

2013இல் டிஸ்னி 'இன்ஃபினிட்டி' என்று வந்தது. 2015இல் 'லெகோ டைமன்ஷன்ஸ்'. எங்கள் வீட்டுக்கு 2014இல் வந்தது இவற்றில் எது, அப்புறம் எது என்று சொல்லப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

கொண்டு வந்தவர் ஷார்ஜாவில் இருக்கும் என் மைத்துனர். ஜூனியருக்கு அப்போது எட்டு வயசு. ஒவ்வொரு வருஷமும் லீவில் நெடும்பாசேரியில் வந்து இறங்குவார். கும்பகோணத்துக்குப் போவதற்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு நாள். பெட்டியைத் திறக்கும்போது பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். "மாமா, நான் சொன்னது கிடைச்சுதா?"

அந்த 'நான் சொன்னது' என்பதைக் கவனிக்கவும். மாமா வருவதற்கு ஒரு மாசம் முன்பே ஒரு பட்டியல் போகும். பையன் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்து அனுப்புவேன். டூட்டி முடிந்து மால் மாலாக ஏறி இறங்கி, பட்டியலில் டிக் அடித்து வாங்கி வருவார். நடுவில் போன் செய்தாலும் பேச்சு அதைப் பற்றித்தான். "அந்தப் பச்சை டிராகன் இல்லைடா, சிவப்புதான் இருக்கு, எடுக்கட்டுமா?"

நிற்க. நான் மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

முதல் ஸ்கைலாண்டர்ஸ் பெட்டியின் அமெரிக்க விலை கிட்டத்தட்ட 70 டாலர். அதில் ஆட்டம், மேடை, மூன்று பொம்மைகள். ஆனால் ஆட்டத்தில் நீர், நெருப்பு, மந்திரம் என்று மொத்தம் எட்டு வகை. கதை நெடுக ஒவ்வொரு வகைக்கும் தனிக் கதவுகள். அந்த வகைப் பொம்மை கையில் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். பெட்டியில் இருக்கும் மூன்று பொம்மையும் மூன்று வகை. மிச்சம் ஐந்து வகைக் கதவுகளுக்குக் குறைந்தது ஐந்து பொம்மை இன்னும் வாங்க வேண்டும். அவை இல்லாமலும் முக்கியக் கதையை முடிக்கலாம், உண்மைதான். ஆனால் ஏழு வயசுப் பையனிடம் பூட்டிய கதவைக் காட்டி "அது உனக்கு அவசியம் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள்!

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2012, 2013, 2014, 2015, 2016 என்று வருஷத்துக்கு ஒரு புது ஆட்டம். பழைய பொம்மைகள் புது ஆட்டத்திலும் ஓடும். அந்த நேர்மையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2014இல் வந்த 'டிராப் டீம்' ஆட்டத்தில் அந்த வகைக் கதவுகளைத் திறக்க அந்த வருஷம் வந்த புது ரகப் பொம்மையால்தான் முடியும். பழசு ஓடலாம், குதிக்கலாம், கதவுக்கு வெளியே நிற்கலாம். 2015இல் பொம்மையோடு வண்டிகளும் வந்தன. தரைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று. லெகோவுக்கு ஆரம்பப் பெட்டியே 100 டாலர். டிஸ்னியில் ஒரு கதைக்கான உலகத்தில் விளையாட அந்தக் கதையின் பொம்மைகள் வேண்டும்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2016 மே மாசம் டிஸ்னி கடையை மூடியது. கிட்டத்தட்ட 147 மில்லியன் டாலரைக் கணக்கில் நஷ்டமாக எழுதி, அதைச் செய்த அவலாஞ்ச் ஸ்டுடியோவையும் இழுத்து மூடியது. மூன்று வருஷத் திட்டம் என்று கிளம்பிய லெகோ டைமன்ஷன்ஸ், இரண்டே வருஷத்தில், 2017 அக்டோபரில், இனிப் புதுசு வராது என்று அறிவித்தது. ஸ்கைலாண்டர்ஸ் வரிசையின் கடைசிப் பெரிய ஆட்டம் 2016இல் வந்ததோடு சரி. 2018இல் யூபிசாஃப்ட் 'ஸ்டார்லிங்க்' என்று விண்கலப் பொம்மைகளோடு வந்தது; அடுத்த ஏப்ரலிலேயே இனிப் பொம்மை கிடையாது என்று சொல்லிவிட்டது. கோடி கோடியாகப் பொம்மை விற்ற ஒரு வியாபாரம், எட்டு வருஷத்துக்குள் முடிந்து போனது.

"பசங்களுக்கு போர் அடிச்சிடுச்சு" என்று எளிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பசங்களுக்கு முன்னாலேயே பெற்றவர்கள் களைத்துப் போனார்கள் என்பது என் கட்சி. பொம்மை வாங்குவது சந்தோஷம். கதவு திறப்பதற்காகப் பொம்மை வாங்குவது சந்தோஷம் இல்லை, அது சுங்கம் கட்டுவது. முதல் பெட்டியை ஆசையாக வாங்கிய அப்பன், நாலாவது வருஷம் வாங்கும்போது வரி கட்டுகிறவன் முகத்தோடுதான் வாங்கினான்.

இதற்கு எதிர்சாட்சி ஒன்று இருக்கிறது. 2014இல் நின்டெண்டோ 'அமீபோ' என்று இதே மாதிரி சிப் வைத்த பொம்மைகளைக் கொண்டு வந்தது. மற்றவை எல்லாம் மண்ணோடு போன பிறகும் அது மட்டும் இன்றுவரை விற்கிறது. ஏன்? பெரும்பாலும் அந்தப் பொம்மை இல்லாமலே ஆட்டத்தை முழுசாக விளையாடலாம். வைத்தால் கொஞ்சம் கூடுதல் பரிசு, அவ்வளவுதான். ஒரே பொம்மை பல ஆட்டங்களில் வேலை செய்யும். பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் போ. அதிலும் சில பரிசுகளைப் பொம்மைக்குள் பூட்டி வைத்ததாகப் புகார் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் வாசற்கதவைப் பூட்டவில்லை.

எங்களை மாதிரி வெளியூரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இதில் இன்னொரு இடியும் இருந்தது. அந்த ஆட்டங்களின் நல்ல குணமே பொம்மையை நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் என்று சொன்னேன் அல்லவா? நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு அது நடந்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு பக்கம் கொங்கணிக் குடும்பம், ஒரு பக்கம் குஜராத்திக் குடும்பம், எதிரில் மலையாளி டீச்சர் வீடு. எந்த வீட்டிலும் அந்த கன்சோல் கிடையாது. ஜூனியர் பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு எதிர்வீட்டுக்குப் போவான். அங்கே அது வெறும் பிளாஸ்டிக். எதிர்வீட்டுப் பையன் இங்கே வருவான், ஆட்டம் இரண்டு பேருக்கு உண்டு, ஆடுவார்கள். ஆனால் எல்லாப் பொம்மையும் ஒருத்தனுடையது. மற்றவன் எப்போதும் விருந்தாளி. கொஞ்ச நாளில் விருந்தாளிக்கு அலுத்துப் போகும். கிரிக்கெட் மட்டை ஒருத்தனிடம் இருந்தாலும் தெருவே ஆடலாம். இதில் முடியாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா இலவசம். எல்லா வீட்டிலும் போனில் ஆட்டம். எதிர்வீட்டுப் பையனும் இவனும் முதல் முறையாக ஒரே கோட்டில் நின்றார்கள். போன் ஆட்டம் நல்லதா கெட்டதா என்பது தனிப் பஞ்சாயத்து. ஆனால் பையன் ஏன் அந்தப் பக்கம் போனான் என்று எனக்குத் தெரியும். அங்கே கூட்டாளி இருந்தான்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2017 லீவில் மைத்துனர் வந்தார். அந்த வருஷம் பட்டியல் போகவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பழக்கத்தில் மூன்று பொம்மை வாங்கி வந்திருந்தார். தள்ளுபடியில் கிடைத்ததாம். ஜூனியருக்குப் பதினொரு வயசு. "தேங்க்ஸ் மாமா" என்று வாங்கிக் கொண்டான். மரியாதையாகத்தான் வாங்கினான். மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

பெட்டிக்கு முன்னால் மைத்துனர் சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்து என்ன எடுப்பது என்று தெரியாத மாதிரி. அப்புறம் டேங், பாதாம், கோடாலித் தைலம் எல்லாம் எடுத்து வைத்தார்.

அதற்கப்புறம் போன் செய்யும்போது "படிக்கிறியாடா?", "படிக்கிறேன் மாமா", அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருஷமாக மாமனும் மருமகனும் பேசிக் கொண்டது அந்தப் பட்டியலைத்தான் என்பது பட்டியல் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆட்டம் எங்களுக்குப் பேசுவதற்கு ஒரு விஷயம் கொடுத்தது என்று நினைத்துக் கொண்டிருந்தேன். உண்மையில் பேச்சையே வாங்கும் பட்டியலாக மாற்றி வைத்திருந்தது. டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான், எனவே தப்பை எந்தக் கம்பெனி மேலும் போடவில்லை. வருஷத்துக்கு இரண்டு நாள் வரும் மாமாவை டெலிவரிக்காரராக ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறவர்கள் இதில் சீக்கிரம் விழுவோம். பக்கத்தில் இருக்க முடியவில்லை என்ற குறுகுறுப்பு நமக்கு உண்டு. அதற்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டி, இன்ன நம்பர் பொம்மை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கிறது. சரியான நம்பரை வாங்கிவிட்டால் கடமை முடிந்தது. இந்த ஆட்டங்கள் போய்விட்டன. ஆனால் அதே பூட்டு இப்போது போன் ஆட்டத்துக்குள் தோல், வைரம், சீசன் பாஸ் என்று உட்கார்ந்திருக்கிறது. அதில் கையில் பிடிக்கப் பொம்மைகூடக் கிடையாது.

அதனால் வாங்கும் முன் நான் இப்போது மூன்று கேள்வி கேட்டுக் கொள்கிறேன். விற்றவன் கடையை மூடிய பிறகும் இது வேலை செய்யுமா? பக்கத்து வீட்டுக் குழந்தை காசு செலவழிக்காமல் சரிசமமாகச் சேர்ந்து ஆட முடியுமா? கொண்டு வருகிறவர் கூட உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடத் தெரிந்ததா? மூன்றாவதுதான் முக்கியம். மைத்துனர் அந்தப் பொம்மைகளை அத்தனை வாங்கினார், ஒரு நாள்கூட ஆடியதில்லை. நாங்களும் அவரைக் கூப்பிட்டதில்லை.

இருபத்தி மூன்று பொம்மையை என்ன செய்வது? ஆக்ரிக்காரர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "உள்ளே சிப்பு உண்டு அல்லே சாரே" என்று பாதி மலையாளம் பாதி தமிழில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு தெரு தள்ளி ஜூ டவுனில் சாவி இல்லாத பழைய பூட்டைக்கூட வெள்ளைக்காரர் விலை கொடுத்து வாங்கிப் போகிறார். எங்கள் பொம்மைக்கு அந்த யோகம் இல்லை.

தங்கமணிதான் வழி சொன்னார். கொலுவுக்கும் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்குகிறோம். ஆனால் புதுசு வந்ததால் பழசு எதுவும் வாசலில் நிற்பதில்லை. அவருடைய பாட்டியின் மரப்பாச்சி இன்னும் மேல் படியில்தான் இருக்கிறது. ஆகவே நவராத்திரிக்குக் கீழே பார்க் கட்டும் இடத்தில் இந்த டிராகன்களுக்கும் இடம் உண்டு என்று தீர்ப்பாகிவிட்டது. பெட்டி மீண்டும் பரணுக்குப் போய்விட்டது, இந்த முறை கொலுப் பெட்டிக்குப் பக்கத்தில்.

மைத்துனர் அடுத்த லீவுக்கு வருகிறார். "என்ன வாங்கிட்டு வர?" என்று கேட்டார். ஒரு கேரம் போர்டு நம்மிடமே இருக்கிறது, நீங்கள் சும்மா வாருங்கள், ஜூனியரையும் ஹாஸ்டலில் இருந்து வரச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "ஸ்ட்ரைக்கர் இருக்கா, இல்ல அதுவாவது வாங்கிட்டு வரவா?" என்றார்.