கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் தெரியுமா?



கணக்கில் எப்போதும் 90-க்கு மேல் வாங்கும் என் தோழி ஒருத்தி, பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் வேண்டாம் என்று இப்பவே முடிவு பண்ணிட்டாள். காரணம் கேட்டால், "எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே!" என்கிறாள். இது சரியில்லை என்பது என் கருத்து. ஏனென்றால் கம்ப்யூட்டருக்கே இங்கிலீஷ் தெரியாது! அதற்குத் தெரிந்தது 0, 1 மட்டும்தான்.

1960 வரை நம் பள்ளிப்பட்டு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் கடைத்தெருவில் தமிழும் ஓடும், தெலுங்கும் ஓடும். ஆனால் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த அண்ணன் தக்காளி வாங்க வந்தால்? கடைக்காரர் விரலைக் காட்டுவார். அந்த விரல்தான் நடுமொழி!

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒன்று உண்டு. 5 மொழிகள், 4 வகைக் கம்ப்யூட்டர்கள் என்றால் 5 x 4 = 20 மொழிபெயர்ப்பு புரோகிராம் வேண்டும். நடுவில் ஒரு பொது மொழி இருந்தால் 5 + 4 = 9 போதும். 1958-லேயே அமெரிக்காவில் 'அன்கோல்' என்ற பெயரில் இதை யோசித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நடுமொழி என்பது பேராசை போலும், அது முழுசாக உருவாகவே இல்லை. 1995-ல் வந்த ஜாவாவின் நடுமொழி பைட்கோடு. பிளஸ் டூ அக்காமார் படிக்கும் பைத்தானும் பைட்கோடாக மாறித்தான் ஓடுகிறது. மாறிய பிறகு 'இஃப்', 'வைல்' என்ற இங்கிலீஷ் சொற்களே அதில் இருக்காது. 'பொய்யானால் அந்த இடத்துக்குத் தாவு' என்பது போன்ற கட்டளைகள், அதுவும் வெறும் எண்களாக!

அப்படியென்றால் மேலே தமிழில் எழுதினால் என்ன? முத்தையா அண்ணாமலை என்பவர் 'எழில்' என்ற மொழியை அப்படித்தான் செய்திருக்கிறார், பைத்தானை வைத்தே. பிரிண்டுக்கு 'பதிப்பி', இஃப்புக்கு 'ஆனால்'. நிபந்தனையை முதலில் எழுதி, அப்புறம்தான் 'ஆனால்' போட வேண்டும். நாம் பேசுவதும் அப்படித்தானே! எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

இங்கிலீஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய புத்தகம் படிக்க, வேலைக்குப் போக அது வேண்டும்தான். ஆனால் முதல் பாடத்திலேயே அது வாசலை மறித்துக்கொண்டு நிற்கலாமா? வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தெலுங்கிலும் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

லேப் பீரியடில் ஒரே ஒரு நாள் எழிலைப் போட்டுப் பார்க்க ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டும். ஏழாம் வாய்ப்பாடு புரோகிராமை என் தோழியே எழுதட்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி